மேகத்துக்குள் ஒரு வாதம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் சமையலறையில் நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஆறு முட்டை. ஆளுக்கு ஒன்றரை என்று நான்கு பேருக்காக வேகவைத்தது. போனை எடுத்த மனைவி இரண்டு முறை "சரி" என்றாள். மூன்றாவது முறை "சரி, சரி" என்றாள். அந்த இரட்டைச் சரியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது, இனி ஆளுக்கு இரண்டு முட்டை.

அவள் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறவள். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சலாம். ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

"அப்ப மலைக்கு இன்னொரு நாள் போய்க்கலாம்," என்றார் அவர். குரலில் வருத்தத்தை வரவழைக்கத்தான் பார்த்தார். அது சரியாக வரவில்லை.

வாசல் கதவருகே ஷூ மாட்டி, கயிறு கட்டி, பையை முதுகில் ஏற்றிக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இளையவனுக்கு ஆறு வயது. உருண்டையாக, எங்கே விட்டாலும் உருண்டு ஓடிவிடுவான். அவன் பட்டாணி.

"மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க," என்றாள் வக்கீல், அம்மாவைப் பார்த்து.

அம்மா அவசரமாகத் தலை வாரிக்கொண்டே கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க கூட்டிட்டுப் போங்களேன்."

"நானா?"

"ஏன், மலையெல்லாம் ஏற மாட்டீங்களா?"

உண்மையில் அவர் ஏறியதே இல்லை. பதினெட்டு வருஷமாக அவர் பார்க்கும் வேலையே மனிதர்கள் படி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான். பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குக்கூட லிஃப்ட் கூரையில் உட்கார்ந்தபடிதான் போவார். ஆனால் கல்யாணமாகி இரண்டு மாதமும் பத்து நாளும்தான் ஆகியிருந்தது. புது மாப்பிள்ளை "முட்டி வலிக்கும்" என்று சொல்ல முடியுமா? "போயிட்டு வர்றோம்," என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

இந்த இரண்டு மாதத்தில் பிள்ளைகளோடு அவருக்குச் சண்டை ஒன்றும் வந்ததில்லை. சிக்கல் வேறு. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. அவர்களுடைய அப்பா வேறொரு ஊரில் இருக்கிறார், ஞாயிறு சாயங்காலம் தவறாமல் போன் செய்வார். ஆக, அப்பா என்கிற பதவி காலியாக இல்லை. ஆஸ்பத்திரிச் சிநேகிதி ஒருத்தி, "சித்தப்பான்னு கூப்பிடுங்களேன்," என்று யோசனை சொன்னாள். "சித்தப்பான்னா அப்பாவோட தம்பி, இல்லாட்டி சித்தியோட வீட்டுக்காரர். இவர் ரெண்டும் இல்லையே," என்றாள் வக்கீல். அப்படியானால் மாமா? "இவர் அம்மாவுக்கு அண்ணனா?" என்று அவள் கேட்டதில் அம்மா குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. அங்கிள் என்பது மேல்வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் ஒன்றுமே சொல்லாமல் காலம் ஓடியது. மூன்று அறை கொண்ட வீட்டில் அது பெரிய கஷ்டமில்லை. எதிரே வந்து நின்று தொண்டையைச் செருமினால் போதும். "சாப்பிட வரச் சொன்னாங்க," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாலும் அவர் எழுந்து வந்துவிடுவார்.

அவர் தோளில் மாட்டியது தினமும் வேலைக்குக் கொண்டுபோகும் பைதான். ஸ்பானர்களையும் கிரீஸ் டப்பாவையும் எடுத்து வெளியே வைத்தார், முட்டையும் ரொட்டியும் வாழைப்பழமும் மழைக்கோட்டுகளும் உள்ளே போயின. பக்கவாட்டு அறைகளைக் காலி செய்ய நேரமில்லை.

பஸ் அவர்களை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டபோது மணி எட்டே முக்கால். வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய கூண்டு. அதில் இருந்த வனக்காவலர் ஒரு நோட்டில் 'பெரியவர் 1, சிறுவர் 2' என்று எழுதிக்கொண்டார்.

"மழைக்கோட்டு இருக்கா?"

"இருக்குங்க. ஆனா இந்த வெயிலுக்கு..."

"இந்த வெயிலை நம்பாதீங்க. இங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு சீசன். வழி நெடுக வெள்ளை பூசின கம்பம் நட்டிருக்கு, அதை விட்டு விலகாதீங்க. மேகம் கீழ இறங்கிடுச்சுன்னா நின்ன எடத்துலயே உக்காந்துடுங்க, அதுவா போகும். எங்க இருந்தாலும் சரி, ஒரு மணிக்குத் திரும்பிடணும்."

"ஒரு மணிக்கு உச்சிக்குப் போயிருக்கணுமா, திரும்பியிருக்கணுமா?" என்று கேட்டாள் வக்கீல்.

"திரும்பியிருக்கணும்," என்று சொல்லிவிட்டுக் காவலர் மெக்கானிக்கைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் அனுதாபம் இருந்தது.

முதல் கால்மணி நேரம் பட்டாணி ஓடினான், வக்கீல் நடந்தாள், மெக்கானிக் சமாளித்தார். அடுத்த கால்மணி நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உட்கார ஒரு பாறை கிடைக்காதா என்று அவர் ஏங்கிய நேரத்தில் தூறல் வந்தது. மூன்று பேரும் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்ததும் தூறல் நின்று வெயில் வந்தது. கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார்கள். ஜிப்பை இழுத்ததும் சாரல் அடித்தது.

"நம்மள யாரோ மேலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்காங்க," என்றான் பட்டாணி.

மூன்றாவது தடவை வந்தது ஆலங்கட்டி. பட்டாணி இரண்டு கையையும் குவித்துப் பிடித்து, விழுந்ததை வாயில் போட்டுக்கொண்டு, "இதை யாரு இவ்வளவு சின்னதா ஒடைக்கிறாங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆலங்கட்டியும் கரைந்துபோய், இந்தத் தடவை கழற்றாமல் விட்ட மழைக்கோட்டுக்குள் முதுகு சுட ஆரம்பித்தது. ஈரப் புல்லிலிருந்து ஆவி எழுந்தது. இவ்வளவு வேகமாக மனசை மாற்றிக்கொள்கிற வானத்தை அவர் பார்த்ததேயில்லை. பார்க்க வாய்ப்பும் இல்லை, அவர் வேலை செய்யும் இடத்தில் வானமே கிடையாது.

பாதி மலையில் பட்டாணியின் வலது ஷூ வாயைப் பிளந்தது. அடிப்பாகம் பாதிவரை கழன்று தவளை வாய் மாதிரி திறந்து திறந்து மூடியது. வக்கீல் உச்சுக் கொட்டினாள். "அவ்வளவுதான். திரும்ப வேண்டியதுதானா?"

மெக்கானிக் பையின் பக்கவாட்டு அறையில் கையை விட்டார். வயர்களுக்குச் சுற்றும் கறுப்பு டேப் இருந்தது. ஷூவைக் கழற்றாமலே பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து, ஏழு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தார். பட்டாணி இரண்டு குதி குதித்துப் பார்த்தான். "இன்னொரு காலுக்கும் சுத்துங்க," என்றான், அது நன்றாகவே இருந்தும். அவர் அதற்கும் சுற்றிவிட்டார். அதற்கப்புறம் அவர் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் வக்கீலும் கொஞ்சம் நின்று, வேறெதையோ பார்ப்பதுபோலக் காத்திருந்தாள்.

ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு முட்டை சாப்பிட்டார்கள். பன்னிரண்டரைக்கு மலையின் முதுகுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி தெரிந்தது. அங்கே கல்லால் கட்டிய ஒரு குட்டிக் கோபுரம், கைநீட்டித் தொட்டுவிடலாம் போல. ஆனால் அதன் வலப்பக்கத்தில், அடுத்த மலைக்கும் இந்த மலைக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் ஏதோ பொங்கி மேலே வந்துகொண்டிருந்தது.

"இன்னும் அரை மணி நேரம்தான்," என்றாள் வக்கீல்.

"மேகம் வருதும்மா. இங்கேர்ந்தே திரும்பிடலாம்."

"காலைலேர்ந்து மூணு தடவை வந்து மூணு தடவை போயிருக்கு. இதுவும் போயிரும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளிடம் உள்ள தொல்லை, எப்போதும் கொஞ்சம் நியாயம் இருக்கும். அவருக்கு எதிர்வாதம் தெரியாது. தெரிந்ததைச் சொன்னார். "லிஃப்ட்டுல ஓவர்லோடுன்னு லைட் எரிஞ்சா ஒருத்தர் எறங்கிடணும். லைட் சரியா எரியுதா தப்பா எரியுதான்னு உள்ள நின்னு பேசிக்கிட்டிருக்கக் கூடாது."

"இது லிஃப்ட் இல்ல," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பட்டாணியின் டேப் அவிழ்ந்தது. அவர் குனிந்து மறுபடி சுற்றத் தொடங்கினார். "அந்த வளைவு வரைக்கும் மட்டும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்," என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. "வேணாம், நில்லு," என்று அவர் நிமிர்வதற்குள் அவள் இருபது அடி போயிருந்தாள். மடியில் ஒரு குட்டிப் பாதம், பல்லிடுக்கில் டேப். அடுத்து அவர் நிமிர்ந்தபோது அவளும் இல்லை, வளைவும் இல்லை, கோபுரமும் இல்லை. யாரோ வெள்ளைத் துணியை உதறிப் போர்த்திவிட்டதுபோல எல்லாம் போயிருந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக் கம்பம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அவர் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். காற்று எதிர்ப்புறமிருந்து வீசியது. இன்னொரு முறை கத்தினார். அப்புறம் எங்கிருந்தோ, எதிர்பார்த்ததற்கு ரொம்ப இடதுபக்கமாக, ஒரு குரல் வந்தது.

"பட்டாணி... டேய் பட்டாணி..."

"என்ன?" என்றான் பட்டாணி, அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டதுபோல.

"எங்கடா இருக்கீங்க? எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவள் பாதையில் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வளைவில் திரும்பாமல் நேராகப் புல்லுக்குள் போயிருக்கிறாள். அந்தப் பக்கம் சரிவு. கால் ஓடத் துடித்தது. ஆனால் பதினெட்டு வருஷத்துப் பழக்கம் ஒன்று அவரைப் பிடித்து நிறுத்தியது. மூடிய கதவுக்குப் பின்னால் ஆள் மாட்டிக்கொண்டால் அவசரப்படுகிறவனால்தான் விபத்து நடக்கும். முதலில் உள்ளே இருப்பவரை அசையாமல் இருக்கச் சொல்ல வேண்டும். அடுத்தது, பேச வைக்க வேண்டும். பேச்சு மட்டும் நிற்கக் கூடாது.

"நின்ன எடத்துலயே நில்லு. ஒரு அடிகூட எடுத்து வைக்காத. நான் வர்றேன்," என்றார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "நீ பேசிக்கிட்டே இரு. அத வெச்சுத்தான் நான் வரணும்."

"என்ன பேசறது?"

"உச்சி வரைக்கும் ஏன் போயிருக்கணும்னு சொல்லு. ஒவ்வொரு பாயின்ட்டா."

குரல் நடுங்கிக்கொண்டே ஆரம்பித்தது. "ஒண்ணு... முக்கால்வாசி ஏறியாச்சு. முக்கால்வாசி ஏறிட்டுத் திரும்பறது வேஸ்ட்."

அவர் பையைத் துழாவினார். லிஃப்ட் ஓடும் தண்டவாளம் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கக் குண்டு கட்டித் தொங்கவிடும் நூல்கண்டு அகப்பட்டது. நல்ல முறுக்கு நூல், நாற்பது மீட்டராவது இருக்கும். ஒரு நுனியை வெள்ளைக் கம்பத்தில் கட்டினார். கண்டைத் தன் இடுப்பு பெல்ட்டில் சொருகி, பட்டாணியைத் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டு, குரல் வந்த பக்கமாக ஒவ்வொரு அடியையும் தடவிப் பார்த்து வைத்தார்.

"ரெண்டாவது என்ன?"

"ரெண்டு... லேட்டானதுக்கு நான் காரணம் இல்ல. நீங்கதான் அஞ்சு எடத்துல உக்காந்தீங்க."

"நாலு."

"அஞ்சு. முட்டை சாப்பிட்டதோட சேத்து."

"முட்டை எல்லாரும்தானே சாப்பிட்டோம். அத என் தலையில கட்டாத."

"உக்காரலாம்னு சொன்னது யாரு?" குரலில் நடுக்கம் குறைந்து சூடு ஏறியிருந்தது. நல்லது. கோபம் வந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். அவர் நூலை விட்டுக்கொண்டே நகர்ந்தார். முதுகிலிருந்த பட்டாணி, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்று அவர் இடது காதைப் பிடித்துத் திருப்பினான். குழந்தைக்குக் காது கூர்மை.

"மூணு?" என்று கேட்டார்.

பதில் இல்லை. காற்று ஊளையிட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. "மூணாவது பாயின்ட் என்ன?" என்று உரக்கக் கேட்டார். இல்லை. அந்த நொடியில் அவர் நெஞ்சு அடித்த அடி முதுகில் இருந்தவனுக்கும் கேட்டிருக்கும்.

"மெக்கானிக்!"

காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"மெக்கானிக்! எங்க இருக்கீங்க? மெக்கானிக்!"

இத்தனை வருஷத்தில் எத்தனை கட்டடங்களில், எத்தனை பேர் உள்ளேயிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். யோசிக்காமலே அவர் வாயில் வழக்கமான பதில் வந்துவிட்டது. "மெக்கானிக் வந்துட்டேன், பயப்படாதீங்க." 'ங்க' என்று மரியாதை வேறு சேர்ந்துகொண்டது.

பத்தடி தூரத்தில், வெள்ளைக்கு நடுவே, சிவப்பு மழைக்கோட்டு தெரிந்தது. இரண்டு கையாலும் ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு அப்பால் நான்கடியில் புல் முடிந்து, வெறும் வெண்மையாக இருந்தது. அது மேகமா பள்ளமா என்று அவர் ஆராயப் போகவில்லை. எட்டி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். திட்டுவதற்காக வாயைத் திறந்தார். அவள் உதடு பிதுங்கி, கண் நிரம்பி, அழுதுவிடாமல் இருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணாவது பாயின்ட் வரவேயில்லையே," என்றார்.

"மூணாவது கெடையாது," என்று சொல்லி அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நூலைச் சுற்றிக்கொண்டே கம்பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காவலர் சொன்னபடி அப்படியே உட்கார்ந்தார்கள். மூன்று மழைக்கோட்டையும் விரித்து மேலே போர்த்தியதில் உள்ளே ஒரு சின்னக் கூடாரம் அமைந்தது, வாழைப்பழ வாசனையோடு.

"அப்படிப் பேசிக்கிட்டே வரணும்னு உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?" என்று வக்கீல் கேட்டாள்.

"யாரும் இல்ல. வேலையில அப்படித்தான். உங்கம்மாகிட்ட அப்படிப் பேசினதுதான் ரொம்ப நேரம். முக்கால் மணி நேரம்."

இரண்டு தலைகளும் அவர் பக்கம் திரும்பின. ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் அம்மா மாட்டிக்கொண்ட கதையை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அம்மா எதற்கும் அசையாதவள் என்றுதான் அவர்கள் நினைப்பு.

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. நான் வெளியேர்ந்து, 'பதட்டப்படாதீங்க, நாங்க வந்துட்டோம், கதவுல சாயாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். உள்ளேர்ந்து ஒரு குரல், 'யோவ், நீ ஆளா இல்ல ரெக்கார்டிங்கா?'"

பட்டாணி உருண்டு விழுந்து சிரித்தான். "யோவ்னா சொன்னாங்க?"

"யோவ்னுதான். அப்புறம், 'ஆளுன்னா ஏதாவது உருப்படியா பேசு'ன்னாங்க. எனக்கு என்ன தெரியும்? லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு மொதல்லேர்ந்து சொன்னேன். மோட்டார், பிரேக், கதவு சென்சார் எல்லாத்தையும். நடுவுல தூங்கிட்டாங்களோன்னு நெனச்சேன். பாத்தா சந்தேகம் கேக்கறாங்க."

"அம்மா அழுதாங்களா?" என்று வக்கீல் மெதுவாகக் கேட்டாள்.

அவர் யோசித்தார். "கதவைத் திறந்தப்போ மூக்கு செவந்திருந்துச்சு. ஜலதோஷம்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

வக்கீல் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரத்தில் மேகம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. பளிச்சென்று வெயில். கல் கோபுரம் முன்னைவிடக் கிட்டத்தில், கழுவித் துடைத்ததுபோல நின்றது. மெக்கானிக் பையைக் கட்டினார். வக்கீல் கோபுரத்தைப் பார்த்தாள். அப்புறம் தான் நின்றிருந்த புதரைப் பார்த்தாள். அதற்கப்பால் மலை செங்குத்தாக இறங்கியிருந்தது. அவள் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, "ஒண்ணரை ஆச்சு," என்று தானே சொல்லிவிட்டு, இறங்கும் வழியில் முதல் ஆளாக நடந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று, பின்னால் இரண்டு தலை வருகிறதா என்று எண்ணிக்கொண்டுதான் அடுத்த வளைவுக்குப் போனாள்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம் என்பது அவருடைய முட்டிகளுக்கு அன்றுதான் தெரியவந்தது. கூண்டிலிருந்த காவலர் நோட்டில் கோடு கிழித்துவிட்டு, "உச்சி வரைக்கும் போனீங்களா?" என்று கேட்டார்.

"மேகம் வரைக்கும் போனோம்," என்றான் பட்டாணி.

பஸ்ஸில் கடைசி வரிசை கிடைத்தது. ஜன்னலோரம் பட்டாணி, நடுவில் அவர், இந்தப் பக்கம் வக்கீல். வீட்டுக்குப் போய் நடந்ததை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று அவர் மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். 'கொஞ்ச நேரம் தனியா விட்டுட்டேன்' என்று தொடங்கலாமா?

"அம்மாகிட்ட நானே சொல்றேன்," என்றாள் வக்கீல், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு. "என் மேலதான் தப்பு. ஆனா முழுசா இல்ல."

"எவ்வளவு?"

"முக்கால்வாசி."

அது நியாயமாகத்தான் பட்டது. பஸ் கிளம்பியது, ஜன்னல் வழியாக வெதுவெதுப்பான காற்று வந்தது. அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை ஒரு நிமிஷம் மட்டும் மூடினார்.

திறந்தபோது பஸ் நின்றிருந்தது. உள்ளே யாருமே இல்லை. வெளியே ஒரு பெரிய கொட்டகையில் வரிசையாகப் பஸ்கள். அவர் திடுக்கிட்டு எழப்போனார், முட்டி ஒத்துழைக்கவில்லை. "இது எந்த எடம்?"

"கடைசி ஸ்டாப்," என்றாள் வக்கீல். "நம்ம ஸ்டாப் போய் இருபது நிமிஷம் ஆச்சு."

"அப்பவே என்னை எழுப்பியிருக்கலாமே?"

"எழுப்பலாம்னுதான் நெனச்சேன். நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க." அவள் தோளைக் குலுக்கினாள். "இதே பஸ்தான் திரும்பப் போகுதாம், கண்டக்டர்கிட்ட கேட்டுட்டேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அம்மாவுக்கும் மெசேஜ் போட்டாச்சு."

அப்போதுதான் அவர் கவனித்தார். அவள் ஷூ இல்லாத காலோடு உட்கார்ந்திருந்தாள். முன் இருக்கையின் கம்பியில் அவளுடைய ஈர சாக்ஸ் இரண்டும், அதன் பக்கத்தில் பட்டாணியின் குட்டி சாக்ஸ் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் ஷூவுக்குள்ளும் காலையிலிருந்தே தண்ணீர் சளசளத்துக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தார். குனிந்து ஷூவைக் கழற்றினார். தன் சாக்ஸைப் பிழிந்து அந்த வரிசையிலேயே மாட்டினார்.

டீ குடித்துவிட்டு ஏறிய கண்டக்டர் கம்பியைப் பார்த்தார், மூன்று ஜோடி வெறுங்காலைப் பார்த்தார்.

"வீட்டுக் கொடின்னு நெனச்சீங்களா?"

"பத்து நிமிஷம்தாங்க," என்றார் மெக்கானிக். "காயற வரைக்கும்."